நாலாவது ஒதுங்கிடம் வரைதான் கேட்கிறது

செவ்வாய் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுகிறேன். நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, படகுகளில் ரேடியோ மாட்ட ஏறி இறங்கும்போது பார்த்து ஏறி இறங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

வழக்கமாக இதை எழுதியதும் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விடுவேன். இன்றைக்கு முடியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் இங்கே எரியும் விளக்கு மட்டும்தான் அப்பாவின் கட்டில்மேல் விழாது. மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

அம்மா, உன் ஆம்ப்பை நான் எரித்துவிட்டேன்.

இந்த ஒரு வரிக்கு நேற்றிலிருந்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும். கோபப்பட்டுக்கொண்டே முழுவதையும் படி.

லாரிகளுக்கு வழி சொல்ல, முன்னறையில் வயர்லெஸ் செட்டில் நான் உட்காருகிறேன். நான்கு மாதமாக. நீ துறைமுக வேலைக்குக் கிளம்பிய அன்று, மைக் பக்கம் போகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். மூன்று வாரம் காப்பாற்றினேன். உன் இடத்துக்கு அவர்கள் ஆள் போடவேயில்லை. காலை ஆறு மணிக்கு முதல் லாரி மேலே ஏறுவதிலிருந்து, இரவு ஒன்பதுக்குக் கடைசி லாரி கல்லோடு இறங்கும்வரை அப்பா ஒருவர்தான். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது மேசைமுன் உட்கார்ந்தபடியே, பேனாவைக் கையில் பிடித்தபடியே, தூங்கிக்கொண்டிருந்தார். செட்டில் யாரோ ஒரு டிரைவர், "கண்ட்ரோல், கண்ட்ரோல், இருக்கீங்களா, இல்ல வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் மைக்கை எடுத்து, இருக்கிறோம், வாங்க என்று சொன்னேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஐந்தரை மணிக்கு முகம் கழுவிவிட்டு நான் உட்காருவேன், அப்பா உள்ளறைக்குப் போய்ப் படுப்பார். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அரை மணி நேரம் மட்டும்" என்று சொன்னார். அது எட்டு மணிவரை ஆனது. டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசர் காதில் விழாதபோது என்னைச் சின்னக் கண்ட்ரோல் என்று கூப்பிடுகிறார்கள். மற்ற நேரத்தில் நான் தொண்டையை இறுக்கிக்கொண்டு இரண்டு மூன்று வார்த்தைதான் பேசுவேன். "கண்ட்ரோலுக்கு இன்னிக்கும் சளி பிடிச்சிருக்கு, கஷாயம் குடிக்கச் சொல்லுங்கப்பா" என்று கிண்டல் செய்வார்கள்.

இனி ஆம்ப் விஷயம். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று நீதான் பார்க்க வேண்டும். மேசைமேல் இருப்பது காயலான் கடைக்குப் போன லாரியிலிருந்து நீ கழற்றி வந்த செட். முழுச் சக்தியில் விட்டாலும் அது இருபத்தைந்து வாட்தான் கொடுக்கும், பாறைத் திருப்பத்தைத் தாண்டாது. அதனால்தான் அதன் பட்டனை அமுக்கி ஐந்து வாட்டில் நிறுத்தி, அந்த ஐந்தை ஆம்ப்புக்குள் விட்டாய். ஆம்ப் அதை எண்பதாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும். கம்பத்தின் உச்சியில் இருக்கிற சின்னப் பெட்டி, டிரைவர்கள் பேசுவதை நமக்குத் தூக்கிக் கொடுக்கும். இரண்டும் இருந்தால்தான் மேலே இருப்பவருக்கு நாம் கேட்போம், நமக்கு அவர் கேட்பார். ஐந்துக்கு மேல் போகாதபடி செட்டின் பட்டன்மேல் நீ மருந்துப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தாய். அதிகமாகக் கொடுத்தால் அதிகமாக வராதா என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "அஞ்சு வாட்தான் அதுக்குச் சாப்பாடு. இருபத்தஞ்சைத் திணிச்சா வாந்தி எடுக்காது, நேரா செத்துப்போகும்" என்று சொன்னாய். நான் சிரித்தேன்.

நேற்று மாலை பதினாலாம் நம்பர் லாரி, மேலே இருந்து கண்ட்ரோலின் குரல் சரியாகக் கேட்கவில்லை என்றது. அதை ஓட்டுபவரைத்தான் எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்கள், கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. "கண்ட்ரோல், கிணத்துக்குள்ள உக்காந்து பேசறீங்களா?" என்று கேட்டார். மழை இருட்டு கட்டியிருந்தது. இரண்டு தடவை சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. அப்பாவை எழுப்பியிருக்கலாம். அவர் படுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா. நான் பிளாஸ்திரியை உரித்து, பட்டனை அமுக்கினேன். பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறியது. மைக்கை அழுத்தி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன். இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகுவதுபோல ஒரு வாசனை வந்தது. ஆம்ப்பின் மீட்டர் முள் மேலே துள்ளி, அப்படியே கீழே விழுந்து படுத்துவிட்டது. அப்புறம் எழவில்லை.

பட்டனைப் பழையபடி வைத்துப் பார்த்தேன். ஒரு லாரிக்கும் நான் கேட்கவில்லை. ரிப்பேர் நேரத்துக்கென்று ஆம்ப்பின் முன்பக்கம் நீ ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறாயே, அதை ஆம்ப்பை விட்டு நேரே ஆன்டெனாவுக்குப் போகும் பக்கம் தள்ளி, செட்டை இருபத்தைந்திலேயே விட்டேன். கீழே இருந்த வண்டிக்காரர்கள் பதில் சொன்னார்கள். ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். பிளாஸ்திரியை எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினேன். அப்பா எட்டு மணிக்கு வந்து, மூக்கை உறிஞ்சி, என்ன வாசனை என்று கேட்டார். பால் தீய்ந்துவிட்டது என்று சொன்னேன்.

உன் பிஸ்கட் டப்பாவில் மூன்று கால் உள்ள பெரிய டிரான்சிஸ்டர் இரண்டு இருக்கின்றன. அவைதானா? எந்தக் காலை எங்கே பற்றவைப்பது என்று படம் போட்டு அனுப்பு. அப்பாவுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுகிறேன். போனில் பேச முடியாது, அலுவலகப் போன் சூப்பர்வைசர் மேசையில் இருக்கிறது. போன மாதம் அவர் திடீரென்று வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எச்சரிக்கைத் தாள் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதி கொடுத்துப் போனார். இன்னொரு தடவை தப்பு நடந்தால் வேலையும் இந்த வீடும் சேர்ந்தே போகும். அந்தத் தாளை அப்பா அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

புதன் இரவு

அம்மா, கடிதத்தை இன்றைக்குத் தபாலில் போடவில்லை. இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வண்டி மட்டும் போகும் நம் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட நிற்கும் ஒதுங்கிடங்களுக்கு, நீ போன பிறகு புதிதாக எண் போட்டிருக்கிறார்கள். கீழ்கேட்டிலிருந்து மேலே குவாரி வரைக்கும் ஏழு. நாலாவது, பாறைத் திருப்பத்தின் முனையில் இருக்கிறது. அங்கே நிற்கிற வண்டிக்கு இரண்டு பக்கமும் கேட்கும். அதைத் தாண்டிவிட்டால் இப்போது நம் குரல் போவதில்லை. இன்றைக்கு மாலை ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு என்று மேலே எந்த இடத்திலும் நம் குரல் கேட்கவில்லை. அவர்கள் பேசுவது மட்டும் நமக்குக் கேட்கிறது.

அப்படியானால் அப்பாவுக்கு எப்படித் தெரியாமல் இருக்கிறது என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் அவர் மேல்வண்டிகளைக் கூப்பிட்டதும் மாட்டிக்கொள்வேன் என்று, பல் தேய்க்கும்போதே எனக்குக் குளிர்ந்தது. ஆனால் பதில் வந்தது. வழக்கம்போல மைக் பட்டனில் இரண்டு தட்டு. டக் டக். கியரில் ஒரு கை, ஸ்டீரிங்கில் ஒரு கை இருக்கும்போது பேச வேண்டாம், இரண்டு தட்டினால் போதும் என்று நீதானே பழக்கினாய். அப்பா நோட்டில் "கேட்டார்" என்று எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. எப்படியோ கேட்கிறது போல, ஆம்ப் பாதி உயிரோடு இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

இன்றைக்கு மாலை நான் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். ஒன்பதாம் நம்பர் லாரி பாட்டுக்காரருடையது. சேனலில் யாரும் பேசாவிட்டால் முனகலாகப் பாடுவாரே, அவர். அவர் மைக் பட்டனின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தட்டினால் டக் டக் என்று முடியாமல் கடைசியில் ஒரு கர்ர் வரும். இன்றைக்குப் பதினாலைக் கூப்பிட்டேன், டக் டக் கர்ர் என்று வந்தது. ஆறாம் நம்பரைக் கூப்பிட்டேன், அதற்கும் டக் டக் கர்ர்.

மூன்று தடவை தாமதமாகப் பதில் சொன்னால் அந்த டிரைவருக்கு ஒரு நாள் வண்டி கிடையாது என்று சூப்பர்வைசர் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறார். அதனால் ஒருவர் பதில் தரத் தாமதித்தால், பக்கத்தில் இருப்பவர் அவருக்காகத் தட்டிவிடுகிறார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். கீழ்கேட்டில் நின்ற டிரைவரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "இதெல்லாம் ஒரு ஒத்தாசைதானே பாப்பா, இன்னிக்கு நான் அவனுக்கு, நாளைக்கு அவன் எனக்கு" என்று சிரித்தார். கூப்பிட்ட டிரைவருக்கு எப்படியும் காதில் விழுந்திருக்கும், கை ஒழியாமல் இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு நாளாக அப்பா மேலே யாருக்கும் கேட்காமல் பேசிக்கொண்டிருக்கிறார், அம்மா. பழக்கத்தினாலும் அதிர்ஷ்டத்தினாலும்தான் வண்டிகள் ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன.

இது தெரிந்த உடனே உள்ளே போய் அவரை எழுப்பியிருக்க வேண்டும். கதவுவரை போனேன். சட்டையைக்கூடக் கழற்றாமல், செருப்போடு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார், அது உனக்குத் தெரியும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்று சொல்வார். அந்தச் சரியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அவர் சூப்பர்வைசரிடம் போவார். பிறகு அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிற தாள். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்திருக்கிறேன். நாளைக்கு அவர் தூங்கி எழுந்த பிறகு.

வியாழன் இரவு

எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பயப்படாமல் படி.

ஆறேகால் மணி இருக்கும். ஷிப்ட் மாற்றும் வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போனது, உள்ளே பதினொரு பேர். பாட்டுக்காரர் காலி லாரியோடு நாலாவது ஒதுங்கிடத்தில் நின்று வேனுக்கு வழிவிட்டார். வேன் திருப்பத்தைத் தாண்டி மறைந்தது. அந்த நிமிடம் மாப்பிள்ளை மேலே இருந்து, "கண்ட்ரோல், பதினாலு, லோடு ஏத்தியாச்சு, ஏழைத் தாண்டி இறங்கறேன்" என்று சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் சொன்னேன், பதினாலு, ஆறில் நில்லுங்கள், வேன் ஏறுகிறது. டக் டக் கர்ர்.

நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை வேனில் இருக்கிற பதினொரு பேர்தான் கண்முன் வந்தார்கள். தொண்டையை இறுக்க மறந்துபோய் என் சொந்தக் குரலிலேயே கத்தினேன். தட்டியது யார், ஒன்பதா, பாட்டுக்கார மாமா, நீங்களா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அட, சின்னக் கண்ட்ரோலு! மாப்பிள்ளை லோடு வண்டியில வர்றான்ல, கை ஒழியாது. அதான் நான் தட்டினேன், இதுக்குப் போய்க் கத்தறியே" என்றார். அவருக்குக் கேட்கவில்லை மாமா, ஆம்ப் எரிந்துபோய்விட்டது, நாலுக்கு மேல் யாருக்கும் நாங்கள் கேட்கவில்லை, திங்கட்கிழமையிலிருந்து கேட்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் சொல்லுங்கள் மாமா, உங்கள் செட் திருப்பத்தைத் தாண்டும், நீங்கள் சொல்லுங்கள் என்று அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "டேய் மாப்பிள்ளை, பிரேக்கை மிதிடா! எங்க இருக்க, பிரேக்கை மிதி! வேன், வேன், அப்படியே பின்னால வா, அஞ்சுக்கு வா, நிக்காத, வா!" என்று கத்தினார். மாப்பிள்ளை ஆறைத் தாண்டியிருந்தார். லோடு லாரி இறக்கத்தில் நிற்பது எப்படி என்று உனக்குத் தெரியும். சக்கரம் தேய்ந்துகொண்டு வருகிற சத்தம் அவர் மைக் வழியாகவே கேட்டது, அவர் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் சேனல் முழுவதும் அடைத்துக்கொண்டது. நான் எதுவும் செய்ய முடியாமல் மைக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சத்தம் நின்றது. வேன் டிரைவர் மிக மெதுவாக, "அஞ்சுல இருக்கேன். எல்லாரும் இருக்கோம்" என்றார். பிறகு மாப்பிள்ளை, "நிக்குது அண்ணே. வண்டி நிக்குது" என்றார். சின்னப் பையன் பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவில் முப்பது அடி இருந்ததாம்.

திரும்பிப் பார்த்தபோது அப்பா கதவில் நின்றுகொண்டிருந்தார். தலையணை மடிப்பு கன்னத்தில் பதிந்திருந்தது. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கி, எல்லா வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று சொல்லி, பாட்டுக்காரரை அதை மேலே சொல்லச் சொன்னார். குரல் ஆடவில்லை. மைக்கை மாட்டிவிட்டு ஆம்ப்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வேலை செய்கிற ஆம்ப் இந்நேரம் சுட வேண்டும், குளிர்ந்து கிடந்தது.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை என்று சொன்னேன். நோட்டைத் திறந்தார். செவ்வாய், புதன், இன்றைக்கு என்று பக்கம் பக்கமாக அவர் கையெழுத்தில் கேட்டார், கேட்டார், கேட்டார் என்று இருந்ததை விரலால் தடவிக்கொண்டே போனார். "மூணு நாளா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

சனி இரவு

நேற்று எழுத முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன்.

அந்த வேனில் முன் சீட்டில் சூப்பர்வைசரும் இருந்தார், அம்மா. வியாழனன்றே நடந்து இறங்கி நம் அறைக்கு வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தார், பாதி மார்பில் கொட்டியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "பொண்ணு மேல தப்பில்ல சார். நான்தான் உட்கார வெச்சேன். நாலு மாசமா. தூங்கணும்னு உட்கார வெச்சேன்." அப்பா என்னை உட்கார வைக்கவில்லை என்று உனக்கு முன்னாலேயே எழுதிவிட்டேன். நான் வாயைத் திறந்தேன், அப்பா என் தோளை அழுத்தினார்.

சூப்பர்வைசர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "தெரிஞ்ச அன்னிக்கே ஏம்மா சொல்லல?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கொட்டிய தண்ணீரைத் துடைக்க நான் குனிந்துகொண்டேன்.

நேற்றுக் காலையில் மாப்பிள்ளையும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒரு பை நிறையப் பழம். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் அன்னிக்கு இல்லன்னா" என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதார். டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து சின்னக் கண்ட்ரோல் காப்பாற்றிவிட்டது என்று சொல்லிப் போகிறார்கள். செவ்வாயன்று நான் சொல்லியிருந்தால் காப்பாற்றுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. அந்தப் பழத்தை என்னால் சாப்பிட முடியவில்லை. பாட்டுக்காரர் மட்டும் வரவில்லை. கீழ்கேட்டில் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டார். அவரும் என்னைப் போலத்தான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று அவர் வண்டியில் வரும் கிளீனர் சொன்னார்.

நேற்றிலிருந்து மாலை ஐந்துக்கு மேல் வண்டி கிடையாது. பகலில் நாலாவது ஒதுங்கிடத்தில் ஒரு டிரைவர் முறை வைத்து நின்று, கண்ட்ரோல் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார். யாருக்காகவும் யாரும் தட்டக் கூடாது, பேரைச் சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. மேல்கேட்டிலிருந்து ஒருவர் வந்து மைக்கில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவைக் கீழ்கேட்டில் தடுப்புக் கம்பைத் தூக்கி இறக்கப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்களாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. நான் என் புத்தகங்களையும் உன் பிஸ்கட் டப்பாவையும் ஒரு பெட்டியில் போட்டு வைத்தேன், அப்பா அதைப் பார்த்தார், எடுத்து வைக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டிரான்சிஸ்டருக்குப் படம் போட்டு அனுப்ப வேண்டாம். நேற்று அப்பாவே ஆம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எல்லாக் கம்பிக்கும் நீ நிறம் நிறமாகத் துணி நூல் சுற்றி வைத்திருந்தாயே, அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திரும்பப் போடும்போது நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டார். "இதை அவ ஒரு வாரம் ராப்பகலா உக்காந்து செஞ்சா" என்று சொன்னார். நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். உன் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் அப்பாவைக் கேட்டதாகச் சொல் என்று ஒரு வரி எழுதுகிறாய். நான் சொல்கிறேன். அவர் கேட்டுக்கொள்கிறார். அதற்குமேல் நீங்கள் இருவரும் எனக்கு வேறு எதுவும் கொடுப்பதில்லை.

அம்மா, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குளியலறைக் கதவைத் தட்டினார். நான் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கதவைத் திறந்து, வாளிமேல் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "அம்மாவுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாம் எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். "நான் தூங்கினதையும்?" என்று கேட்டார். அதையும் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். சரி என்றார். நான் பயந்துகொண்டிருந்த அந்தச் சரிதான். ஆனால் அவர் போகவில்லை. "எழுந்து உள்ள வா, மேசையில வெச்சு எழுது, கண்ணு போயிடும்" என்று சொல்லிவிட்டு, முடித்தவுடன் கொடு, நானும் இரண்டு வரி எழுதுகிறேன் என்றார்.

அவருக்கு இடம் விட வேண்டும் என்பதால் இதோடு என் பங்கை முடிக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். என்னைத் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்

பின்குறிப்பு: இது ஞாயிறு காலை. இரவு தாளையும் பேனாவையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் நாற்காலியிலேயே, தாள்மேல் கையை வைத்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் எழவில்லை, நான் எழுப்பவும் இல்லை. தாளை மெதுவாக உருவி எடுத்தேன். கீழே தெரிகிற மைத் திட்டு அவர் வைத்தது. பேனாவை ஊன்றி ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார், மை பின்பக்கம் வரைக்கும் ஊறியிருக்கிறது. அதற்கும் சேர்த்துப் பதில் போடு அம்மா.